கட்டடம் நின்றால்தான் பலகையா?

பாளையங்கோட்டையின் பழைய இடங்களுக்குப் பலகை வைக்க அமைக்கப்பட்ட குழுவினருக்கு,

இடிந்துபோன ஒரு பழைய காரை வீடு நின்ற இடத்துக்கும் பலகை வையுங்கள் என்று போன மாதம் நான் கொடுத்த மனுவுக்கு உங்களிடமிருந்து மூன்று வரியில் பதில் வந்தது. "தற்போது முழுமையாக உள்ள கட்டடங்களுக்கு மட்டுமே பலகை வைக்கப்படும். தனிநபர்கள் வசித்த இடங்கள் திட்டத்தில் சேராது. எனவே தங்கள் மனு முடித்துவைக்கப்படுகிறது." கீழே ஒரு கையெழுத்து, பெயர் இல்லை. சரி, நானும் இங்கே உங்களில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. ஆனால் மனு முடிந்துவிட்டது என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஊரே படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

34 வருஷம் பாளையில் தபால் கொடுத்தவன் நான். முருகன்குறிச்சி, தெற்கு பஜார், சமாதானபுரம் என்று மாறி மாறிச் சுற்றிவிட்டு, ஓய்வு பெறும்போது வண்ணாரப்பேட்டை பீட்டில் இருந்தேன். சரித்திரத்தில் பட்டம் எதுவும் வாங்கவில்லை. தினமும் நூற்றுக்கணக்கில் விலாசம் படித்ததுதான் என் படிப்பு. கதவு எண் இல்லாமல் வரும் கடிதங்களை நான் தனியாக எடுத்து வைத்துக்கொள்வேன். "ஊசிக்கோபுரத்துக்குப் பின்னால்", "பாப்பாத்தியம்மா கோயில் பக்கம்", "மேடை போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்து", "பேராச்சியம்மன் கோயில் போகிற வழி" என்றெல்லாம் எழுதியிருக்கும். ஒரு தடவை பம்பாயிலிருந்து வந்த இன்லண்டு ஒன்று மழையில் நனைந்து, பெறுநர் பெயர் முழுக்கக் கரைந்துபோயிருந்தது. "அவர்கள், ஊசிக்கோபுரம், பாளை" என்பது மட்டும் மிச்சம். பக்கத்து டீக்கடையில் போய், "இங்க யார் மகன் பம்பாய்ல இருக்கான்?" என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்தப் பெயர்களில் ஒன்றையும் எந்த அலுவலகமும் வைக்கவில்லை. ஜனங்கள் வைத்தது. உங்கள் பட்டியலில் இருக்கும் 12 இடங்களில் எதற்கும் இந்தப் பெயர் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேடை போலீஸ் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகப் பெயரிலாவது அந்த இடம் பட்டியலில் இருக்கிறது, சந்தோஷம். ஆனால் பலகைக்கு நீங்கள் தயாரித்திருக்கும் வாசகத்தைப் பார்த்தேன். சுவரின் உயரம், கல்லின் வகை, கோட்டையின் எஞ்சிய பகுதி என்ற தகவல், அவ்வளவுதான். பாளையங்கோட்டை என்ற பெயரில் கோட்டை இருக்கிறதே, அந்தக் கோட்டைக்குள் யார் இருந்தார்கள்? 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு, அவர் தம்பி ஊமைத்துரையைக் கொண்டுவந்து அடைத்தது இங்கேதான். ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி சாயங்காலம் தப்பினார். வெளியே இருந்து வந்தவர்கள் விறகுக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்து எடுத்து வந்தார்கள் என்று பாளையில் சொல்வார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பாஞ்சாலங்குறிச்சி போய், கும்பினிக்காரர்கள் இடித்துப்போட்ட கோட்டையைச் சில நாட்களில் திரும்பக் கட்டி எழுப்பினார்கள். அதே வருஷம் நவம்பரில் அவரையும் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். இதில் ஒரு வரிகூட உங்கள் பலகையில் இல்லை. கேட்டால், அவர் 'தனிநபர்' என்பீர்கள்.

பாப்பாத்தியம்மா கோயிலுக்கு வருகிறேன். உங்கள் வாசகம், "1785-ஆம் ஆண்டு மிஷனரிகளால் கட்டப்பட்ட ஆலயம்" என்கிறது. வருஷம் சரி. ஆள்தான் தப்பு. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை ஒருத்தி, ஒரு வெள்ளைக்கார அதிகாரியோடு இந்த ஊருக்கு வந்தார். அவரோடு வாழும்வரை ஞானஸ்நானம் தர முடியாது என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்திருந்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல் இதே பாளையங்கோட்டையில் கொடுத்தார். குளோரிந்தா என்ற பெயர் அப்போது வந்தது. 1780-இல் இங்கே சபைப் பதிவேடு திறந்தபோது அதில் இருந்தவர்கள் 40 பேர். கைப்பணத்தைப் போட்டு, அதிகாரிகளிடமும் உதவி வாங்கி, அந்த அம்மாள் எழுப்பிய கோயில் அது. வெள்ளைக்காரன் வைத்த பெயரையும் விட்டுவிட்டு, மிஷன் பெயரையும் விட்டுவிட்டு, 'பாப்பாத்தியம்மா' என்று ஜனங்கள் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கட்டியவள் யார் என்று ஊருக்கு மறக்கவில்லை. பலகை வைப்பவர்களுக்குத்தான் மறந்துவிட்டது.

ஊசிக்கோபுரம் என்று ஜனங்கள் சொல்லும் தூய திரித்துவ ஆலயத்துக்கும் இதே கதைதான். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் வந்தார், 1826-இல் ஆலயம் எழுந்தது என்பதை எழுதியிருக்கிறீர்கள். அவர் 1832-இல் தமிழில் பூமிசாஸ்திரம் எழுதி அச்சிட்டவர், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூமி உருண்டை என்பதைத் தமிழில் சொல்லித் தந்தவர் என்பதை விட்டுவிட்டீர்கள். அனுப்பிவைத்த சங்கத்தோடேயே கடைசியில் சண்டை வந்து, 1835-இல் அவர்கள் விலக்கிய பிறகும் இந்த ஊருக்கே திரும்பி வந்து 1838-இல் இங்கேயே இறந்தார். அவருக்கு நிலம் கொடுத்தவர் வெங்கு முதலியார், ஒரு இந்து. இந்தப் பெயரைப் பலகையில் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? இந்தக் கோயில் உங்களது, அந்தக் கோயில் எங்களது என்று தலைக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்துப் பட்டியல் போட்டிருக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ராஜகோபாலசாமி கோயில் வாசலில் தசராவுக்குச் சப்பரம் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஊசிக்கோபுரத்தடியில் நிற்கிற ஊர் இது. அப்படிக் கணக்குப் பார்த்தால் இந்த ஊர் பிடிபடாது.

இப்போது அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனுவுக்குக் காரணமே அதுதான்.

முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு தெருவில் ஒரு காரை வீடு இருந்தது. யாருடையது என்று எழுத மாட்டேன். தமிழ் படித்துக் கொடுத்த குடும்பம், மூன்று தலைமுறை. கடைசியில் அதில் ஒரு ஆச்சி மட்டும் தனியாக இருந்தார்கள். மாதம் பிறந்தால் மகனிடமிருந்து மணியார்டர் வரும். நான் போனால் நடையில் நிற்கவிட மாட்டார்கள். "உள்ள வாருமய்யா, வெயில்ல நிக்காதியும்" என்று பட்டாசலில் உட்காரவைப்பார்கள். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே காலை வைத்தால் தரை ஜில்லென்று இருக்கும். சுவர் என் முழங்கை நீளத்துக்கு மேல் கனம். முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் போட்டு இழைத்தது என்று ஆச்சி சொல்வார்கள். கையால் தடவினால் பளிங்கு மாதிரி வழுக்கும். மாடக்குழியில் விளக்குப் புகை படிந்து ஒரு கறுப்பு வட்டம். பட்டாசலைத் தாண்டினால் தார்சா, அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, அங்கணத்தில் எப்போதும் ஈரம். தார்சாவில் நாலு மரத்தூண். அதில் ஒன்றில் இடுப்பு உயரத்தில் கத்தியால் கீறிய கோடுகள் வரிசையாக இருந்தன. பேரப்பிள்ளைகள் வளர வளர உயரம் அளந்து போட்டது என்று நினைத்தேன். "இல்லய்யா, அவுக அப்பா காலத்துல இருந்தே போட்டது" என்றார்கள். அடிக்கோட்டின் பக்கத்தில் ஏதோ எழுத்து. எண்ணெய் பட்டுப் பட்டு மழுங்கிப் படிக்க முடியாமல் போயிருந்தது.

ஆச்சி போன பிறகு, வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்ததும் நான் ஒரு மனு எழுதினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால். அப்போது உங்கள் குழு இதே வேலைக்குப் பேச்சளவில் இருந்தது. வீட்டை வாங்கச் சொல்லவில்லை. தெருவில் ஒரு பலகை வையுங்கள், ஒரு ஆளை அனுப்பி அளந்து, படம் எடுத்து வையுங்கள் என்றுதான் கேட்டேன். "தனியார் சொத்து என்பதால் பரிசீலிக்க இயலாது" என்று பதில் வந்தது. அதையும் வைத்திருக்கிறேன். அப்புறம் ஜேசிபி வந்தது. மூன்று நாளில் சுத்தம். சுவர்தான் சுலபத்தில் விழவில்லை என்று அங்கே நின்ற பையன் சொன்னான். மரத்தூண்கள் லாரியில் ஏறிப் போய்விட்டன, கோடு போட்ட தூண் உள்பட. இப்போது அந்த இடம் கார் நிறுத்தும் இடம்.

இந்த வருஷம் திரும்பக் கேட்டால், "முழுமையாக உள்ள கட்டடங்களுக்கு மட்டுமே" என்கிறீர்கள். வீடு நின்றபோது தனியார் சொத்து, விழுந்த பிறகு கட்டடம் இல்லை. அப்படியானால் எந்த நாளில் மனு கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லுங்கள். ஜேசிபி வந்து நின்ற அந்த மூன்று நாளிலா?

ஆட்கள் குடியிருந்த இடத்துக்குப் பலகை கிடையாது என்ற உங்கள் விதியை வண்ணாரப்பேட்டைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். என்ன மிச்சம் இருக்கும்? தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. 1924-இல் தன் வீட்டு முற்றத்தில் நண்பர்களைக் கூட்டிவைத்துக் கம்பனைப் பேசியது அங்கேதான். தொட்டிக்கட்டு வீட்டின் அந்த வட்டமான முற்றத்தால்தான் வட்டத்தொட்டி என்று பெயரே வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடுவார்களாம். பிறகு அவர் குற்றாலம் போனபோது வட்டத்தொட்டியும் கூடவே போயிற்று. வீட்டின் கட்டு ஒன்று தமிழ் இலக்கியத்தில் ஒரு கூட்டத்துக்கே பெயராகிவிட்டது. இதில் கட்டடத்தையும் ஆளையும் எப்படி நீங்கள் பிரிப்பீர்கள்? புதுமைப்பித்தன் அதே வண்ணாரப்பேட்டைக்காரர். 1931-இல் இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். ஒரு தடவை கேரளத்திலிருந்து இரண்டு மாணவிகள் வந்து, என் சைக்கிளை நிறுத்தி, "புதுமைப்பித்தன் வீடு எங்கே?" என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்பில் படித்தார்களாம். நான் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெரியவரிடம் விட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். அந்தப் பெரியவரும் இப்போது இல்லை. இப்போது யாராவது வந்து கேட்டால், அங்கே வரிசையாக நிற்கும் ஆஸ்பத்திரிகளையும் ஜவுளிக்கடைகளையும்தான் காட்ட வேண்டும்.

இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறிஸ்தவக் காப்பியம் பாடிய எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை 1827-இல் பக்கத்துக் கரையிருப்பில் பிறந்து, பாளையில் வாழ்ந்து, 1900-இல் மறைந்தவர். அவரும் பட்டியலில் இல்லை. மத்திய சிறைச்சாலை இருக்கிறது. அதற்குள் 1908-இல் வ.உ.சி. இருந்தார், 1965-இல் கருணாநிதி இருந்தார். அவர்களும் ஒரு விதத்தில் இந்த ஊரில் 'வசித்த தனிநபர்கள்'தானே! சிறைக்குப் பலகை உண்டு, உள்ளே இருந்தவர்களுக்கு இல்லை.

தனி ஆளின் பெயர் கூடாது என்றால், தாமிரபரணியின் மேல் நிற்கும் பாலத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? 1843 வரைக்கும் கொக்கிரகுளத்தில் ஓடத்துக்குக் காத்து நின்றுதான் ஆற்றைக் கடந்தார்கள். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் அரை லட்ச ரூபாய் அளவுக்குத் தன் பணத்தைக் கொடுத்தார். மனைவியின் நகையையும் சேர்த்துக் கொடுத்தார் என்று நெல்லையில் சொல்வார்கள். பதினோரு வளைவோடு பாலம் எழுந்தது. 1869 வெள்ளத்தில் ஒரு பகுதி போய், திரும்பக் கட்டி, பிறகு அகலப்படுத்தி, இன்றைக்கும் பஸ் போகிறது. கல் மாறியது, அகலம் மாறியது, பெயர் மட்டும் மாறவே இல்லை. உங்கள் விதிப்படி பார்த்தால் அது முழுமையாக உள்ள பழைய கட்டடமும் இல்லை, பெயரும் ஒரு தனிநபர் பெயர். இரண்டு காரணத்துக்கும் பட்டியலை விட்டு அதைத் தூக்கியிருக்க வேண்டும். ஆனால் நாலாவது இடத்தில் வைத்திருக்கிறீர்கள். வைத்தது சரிதான். அதே நியாயத்தை மற்றவர்களுக்கும் செய்யுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. மாதிரிக்காக நீங்கள் வைத்திருக்கும் பலகையைப் போய்ப் பார்த்தேன். எட்டடி உயரத்தில் இருக்கிறது. பெரிய எழுத்தில் ஆங்கிலம், கீழே பொடி எழுத்தில் தமிழ். எனக்கே கண்ணாடி போட்டும் கழுத்து வலித்தது. 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அதே பத்தாண்டில்தான் சுவெய்ன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். பிரெயில் புத்தகக் கட்டுகளுக்குத் தபால்தலை வேண்டாம், இலவசமாகப் போகும். அந்தக் கட்டுகளைப் பார்வையற்றோர் பள்ளிக்கு நான் சைக்கிளில் கொண்டுபோவேன். கனம் இருக்கும், ஆனால் கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது, புள்ளி நசுங்கிவிடும். வராந்தாவில் ஒரு பையன் என் மணிச் சத்தம் கேட்டே எழுந்து வருவான். கட்டைப் பிரித்ததும் முதல் பக்கத்தில் விரலை வைத்து, உதடு அசைய, தலைப்பைச் சொல்லிவிடுவான். எட்டடி உயரத்துப் பலகையில் அவன் விரல் எட்டுமா? தன் பள்ளி எந்த வருஷம் தொடங்கியது என்று அவன் யாரிடம் கேட்க வேண்டும்?

கேட்பதைத் தெளிவாகக் கேட்டுவிடுகிறேன்.

"முழுமையாக உள்ள கட்டடங்கள் மட்டும்" என்ற விதியை எடுத்துவிடுங்கள். கட்டடம் இருந்த இடத்துக்கும், பேர்பெற்றவர்கள் குடியிருந்த தெருவுக்கும் பலகை வேண்டும். வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் தெரு முனையில் வையுங்கள். தெரு எல்லோருக்கும் சொந்தம், அங்கே தனியார் சொத்து என்ற பதில் வராது.

பாப்பாத்தியம்மா கோயில், ஊசிக்கோபுரம், மேடை என்று ஜனங்கள் சொல்லும் பெயரை முதல் வரியில் போடுங்கள். அலுவலகப் பெயர் அதற்குக் கீழே வரட்டும். தமிழ் பெரிய எழுத்தில் இருக்கட்டும். குளோரிந்தா, ஊமைத்துரை, வெங்கு முதலியார், கிருஷ்ணப்பிள்ளை, டி.கே.சி., புதுமைப்பித்தன் பெயர்கள் அந்தந்தப் பலகையில் வர வேண்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் வாசகத்தை ஒரு மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். 1785-க்குப் பக்கத்தில் தவறான ஆள் பெயர் ஒரு தடவை உலோகத்தில் ஏறிவிட்டால் இன்னும் ஐம்பது வருஷம் இறங்காது.

பலகையைக் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். பிரெயில் புள்ளியும் அதில் இருக்கட்டும். எழுதி முடித்ததும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிழை இருந்தால் அவர்கள் உடனே சொல்வார்கள்.

இடிக்க அனுமதி கேட்டு வரும் பழைய காரை வீடுகளை, இடிப்பதற்கு முன் அளந்து படம் எடுத்து வைக்க ஒரு ஆளை நியமியுங்கள். இடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தூணில் என்ன எழுதியிருந்தது என்று யாராவது படித்து வைத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

எந்த வாசல் யாருடையது என்று கைகாட்டத் தெரிந்தவர்கள் பாளையிலும் வண்ணாரப்பேட்டையிலும் இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் வேலையை இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் தொடங்குங்கள். யார் வீடு எங்கே என்று கூட்டிப்போக நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். என் பழைய சைக்கிள் இன்னும் ஓடுகிறது. காலை ஏழு மணிக்கு ஊசிக்கோபுரத்தடி டீக்கடையில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
பாளையங்கோட்டை